அப்பா வந்து தங்கும் கிறிஸ்மஸ்: நன்றியை எங்கே, எப்படிச் சொல்வது

அப்பாவிடம் நேருக்கு நேர் நன்றி சொல்லிப் பாருங்கள். பாதி அப்பாக்கள் "அதெல்லாம் என்ன பெரிய விஷயம்" என்று பேச்சை மாற்றுவார்கள். மீதிப் பேர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். அதே அப்பா குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளை கடவுளைப் பார்த்து "அப்பாவுக்காக நன்றி" என்று சொன்னால் குறுக்கே பேச மாட்டார், எழுந்தும் போக மாட்டார். ஆமென் சொல்லும் வரை கேட்டே ஆக வேண்டும். விடுமுறைக்கு அப்பா வரும் நாட்களைத் திட்டமிடும்போது இந்தப் பத்து, பதினைந்து நிமிடத்தை நடுவில் வையுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்கு வழிவிடத்தான்.

எந்த நாட்கள்

டிசம்பர் 25 அன்றே வந்து சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். கிறிஸ்மஸ் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அங்கிருந்து ஜனவரி 5 வரை 12 நாள், 6-ஆம் தேதி ஞானிகள் வந்ததை நினைக்கும் திருநாள். ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் கிழக்குச் சபைகளுக்கோ கிறிஸ்மஸே ஜனவரி 7-இல்தான். 27-ஆம் தேதி வரும் அப்பாகூடத் திருநாளைத் தவறவிட்டவர் ஆக மாட்டார்.

முன்னதாக வருவதானால் திருவருகைக் காலம் இன்னும் நல்லது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே விழும் ஞாயிறில் தொடங்கி நான்கு ஞாயிறு போகும் காத்திருப்பின் காலம் அது. வீட்டில் பரபரப்பு ஏறுமுன் பேசுவதற்கு நேரம் கிடைக்கும்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நாள், கிறிஸ்மஸுக்கு அடுத்த ஞாயிறு. அது திருக்குடும்ப விழா. (25-ஆம் தேதியே ஞாயிறாக இருந்தால் 30-ஆம் தேதி.) அன்றைய முதல் வாசகமாகப் பொதுவாக வரும் சீராக்கின் ஞானம் 3-ஆம் அதிகாரம் தந்தையை மதிப்பதைப் பற்றியது. அறிவு மங்கிப்போனாலும் அவரிடம் பொறுமையாயிரு என்று வெளிப்படையாகவே சொல்லும் பகுதி. அப்பாவுக்கு மறதி தொடங்கியிருக்கும் வீட்டில் அந்த வாசகத்தை முதல் நாளே ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள். கோவிலில் திடீரென்று காதில் விழுந்தால் தாங்குவது கடினம்.

வந்த முதல் நாள்

ஒன்றும் வேண்டாம். உறவினர் சந்திப்பு, ஆராதனை, படம் பிடிப்பது எதுவும் வேண்டாம். நேர மண்டலம் தாண்டி வந்தவருக்கு ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் உடம்பு பழக வேண்டியிருக்கும். வந்த இரவில் நீளமான ஜெபக்கூட்டம் வைத்து, அப்பா நடுவில் தூங்கி, பேரப்பிள்ளைகள் சிரித்து, அவர் கூசிப்போவது எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். "பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீரே, நன்றி" என்ற ஒரு வரி ஜெபம் அன்றைக்குப் போதும்.

அறை விஷயத்தில் நான்கைத் தவறாமல் பாருங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவில் மங்கலான விளக்கு எரிய வேண்டும். வழியில் கிடக்கும் தளர்ந்த விரிப்புகளைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், வயதானவர்கள் தடுக்கி விழ இவையும் ஒரு காரணம். உட்கார, கைப்பிடி வைத்த, 45 முதல் 50 சென்டிமீட்டர் உயர நாற்காலி வேண்டும். தாழ்வான சோபாவில் உட்காரவைத்தால் எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் கை நீட்ட வேண்டும், அது அவருக்குப் பிடிக்காது. நான்காவது, வேதம் வாசிக்கப் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம்.

மாத்திரைகளைத் தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துவரச் சொல்லுங்கள். கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டின் நகலோடு.

எந்த ஆராதனைக்கு

நள்ளிரவு ஆராதனைதான் உண்மையான கிறிஸ்மஸ் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்க வழிபாட்டில் கிறிஸ்மஸுக்கு 24 மாலைத் திருவிழிப்புத் திருப்பலி தவிர, இரவு, விடியல், பகல் என்று மூன்று திருப்பலிகள் உண்டு. இவற்றில் எதில் கலந்துகொண்டாலும் கடமை நிறைவேறும். மற்றச் சபைகளிலும் காலை ஆராதனை ஒன்று இருக்கும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு இரவுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும் அபாயம் இருக்கிறது. நள்ளிரவுக்குத்தான் போவேன் என்று அவர் ஆசைப்பட்டால், சாப்பாட்டையும் மருந்தையும் எப்படி மாற்றுவது என்று அவருடைய மருத்துவரிடம் கிளம்புமுன்னே கேட்டுவையுங்கள்.

அரைமணி நேரம் முன்னதாகப் போய் நடைபாதையோரமாக, பிரசங்கியார் முகம் தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே வேண்டாம். சத்தம் கூடும், சொல் தெளியாது. காதுக்கருவி போட்டிருப்பவரானால், வாசலில் காது வரைந்து 'T' எழுத்துப் போட்ட பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே ஒலிவளையம் பொருத்தியிருக்கிறார்கள். கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் பிரசங்கம் நேராகக் காதில் விழும். கருவியில் அந்த வசதி இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். கோவிலில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தால் அது கீச்சிடும், எல்லோரும் திரும்புவார்கள், அவர் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

அப்பாவும் நீங்களும் வேறு வேறு சபையென்றால் நற்கருணை விஷயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் மற்றச் சபையார் பொதுவாக நற்கருணை வாங்க முடியாது. சில சபைகளில் திருமுழுக்குப் பெற்ற எவரும் வரலாம். வரிசை நகரத் தொடங்கிய பிறகு காதில் கிசுகிசுத்துத் தடுப்பதைவிட, முந்தின நாள் போதகரிடம் கேட்டுச் சொல்லிவிடுவது அவருக்கு மரியாதை.

நன்றிப் பட்டியல் எழுதுவது

அவர் வருவதற்கு ஒரு வாரம் முன் இதைச் செய்யுங்கள். உள்ளங்கை அளவு அட்டை ஒன்று, பத்து நிமிடம். அப்பா செய்தவற்றில் பத்தை எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு வினைச்சொல்லும், ஒரு இடமோ காலமோ இருக்க வேண்டும்.

"என்னைப் படிக்க வைத்தார்" — தேறாது. எந்த அப்பாவைப் பற்றியும் சொல்லலாம்.

"கணக்கில் தோற்ற வருஷம், ஒரு மாதம் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து என்னோடு உட்கார்ந்தார்" — இது தேறும்.

"எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தார்" என்பதும் தேறாத வரிதான். தியாகம் என்று எழுதத் தோன்றினால், எதை விட்டுக்கொடுத்தார் என்று பேனாவை நிறுத்தி யோசியுங்கள். விற்ற பொருள், ஒப்புக்கொள்ளாத பதவி உயர்வு, போகாத பயணம் என்று ஏதாவது அகப்படும். அதை எழுதுங்கள்.

ஆறாவது வரிக்கு மேல் கை நிற்கும். அங்கே எழுந்துவிடாதீர்கள். முதல் ஐந்து வரி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் அப்பா மறந்துபோன, நீங்கள் மட்டும் வைத்திருக்கிற விஷயம். எழுதிய பத்தில் மூன்றை மட்டும் அடிக்கோடிடுங்கள், ஒரு ஜெபத்துக்கு ஒன்று. பத்தையும் ஒரே இரவில் கொட்டினால் பிரிவுபசார விழா மாதிரி ஆகிவிடும்.

ஜெபத்தின் வரிசை

பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நேரம் மாலையா, படுக்குமுன்னா என்பதை அப்பாவின் தூக்கம் தீர்மானிக்கட்டும். வழக்கமாக அவர் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு சரியாக இருக்கும். செல்போன்கள் அடுத்த அறையில்.

1. ஒரு பாட்டு, இரண்டு சரணம். அவருக்கு மனப்பாடமான பாட்டாக இருக்கட்டும். புதிய பாட்டைப் பெரிய திரையில் ஓடவிட்டால் அவர் பார்வையாளர் ஆகிவிடுவார்.

2. ஒரு வாசிப்பு. கிறிஸ்மஸ் இரவானால் லூக்கா 2:1–20. சத்தமாக வாசிக்க மூன்று நான்கு நிமிடம். மற்ற நாட்களில் சங்கீதம் 103, முதல் 14 வசனம். இரண்டாம் வசனம் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. பதின்மூன்றாம் வசனம் பிள்ளைகளுக்கு இரங்கும் தகப்பனைப் பற்றிப் பேசுகிறது. நன்றிக்கும் அப்பாவுக்கும் ஒரே சங்கீதத்தில் இடம் இருக்கிறது.

3. ஒரு நிமிடம் மௌனம். கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம், ஏனென்றால் பழக்கமில்லாதவர்கள் பத்து விநாடியில் கனைத்துவிடுவார்கள்.

4. ஆளுக்கு ஒரு நன்றி, சின்னவரிலிருந்து பெரியவர் வரை. அப்பா கடைசி.

5. கர்த்தர் கற்பித்த ஜெபம், பிறகு அப்பாவின் ஆசீர்வாதம்.

அப்பா வாசிப்பதானால் அந்தப் பகுதியை 16 புள்ளிக்குக் குறையாத எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துக் கொடுங்கள். அவர் மனதில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு என்றால் அதையே அச்சடியுங்கள். "கர்த்தர்" என்று பழகிய நாக்கு "ஆண்டவர்" என்ற இடத்தில் தடுக்கும். பேரக்குழந்தை வாசிப்பதானால் பகலில் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். லூக்கா இரண்டின் இரண்டாம் வசனத்திலேயே "சிரேனியு" வந்து நிற்கிறான். அவனைத் தாண்டிவிட்டால் "குடிமதிப்பு என்றால் என்ன?" என்ற கேள்வி வரும். அதற்குத் தாத்தா பதில் சொல்லட்டும்.

ஐந்தாவது படியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்க, மீதிப் பேர் "விண்ணுலகிலிருக்கிற எங்கள் தந்தையே" என்று போய், மூன்றாம் வரியில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். கலப்புக் குடும்பங்களில் இது நடக்காத கிறிஸ்மஸே கிடையாது. எந்த வடிவம் என்று முதலிலேயே ஒருவர் சொல்லிவிடலாம், அல்லது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லலாம். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகாது.

நன்றியைச் சொல்லும் அந்த இருபது விநாடி

அட்டையில் அடிக்கோடிட்ட வரியை எடுத்துக் கடவுளைப் பார்த்துத் திருப்பினால் போதும்:

"ஆண்டவரே, நான் கணக்கில் தோற்ற வருஷம், அப்பா ஒரு மாதம் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து என்னோடு உட்கார்ந்தார். அவரை எனக்காக எழுப்பினீரே, நன்றி. ஆமென்."

இதோடு நிறுத்துங்கள். "அதேபோல நானும் என் பிள்ளைகளுக்கு" என்று நீட்டினால் கவனம் உங்கள் பக்கம் வந்துவிடும். தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். குரல் உடைந்தாலும் முடிக்கலாம். லூக்கா 17-இல் பத்துப் பேர் சுகமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். அவன் உரத்த சத்தத்தோடு வந்தான் என்றுதான் எழுதியிருக்கிறது.

கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு வழியில். ஜெபத்தை ஒரு பேச்சுவார்த்தையாக ஆக்கிவிடுவார்கள். "அப்பாவுக்கு மருந்து சாப்பிடும் நல்ல புத்தியைக் கொடும்", "அண்ணன் மனதை மாற்றும்" என்று கடவுளிடம் சொல்வதுபோல அறையில் இருப்பவரைக் குத்துவது. எல்லோருக்கும் புரியும், யாரும் பதில் சொல்ல முடியாது. அப்பா பதில் சொல்ல முடியாத அதே காரணத்தால்தான் நன்றி அங்கே எடுபடுகிறது. அந்த இடத்தில் புகாரை நுழைத்தால் அடுத்த நாள் அவர் தலைவலி என்று ஜெபத்துக்கு வரமாட்டார். அவரிடம் கேட்காமல் அவருடைய நோயின் பெயரைச் சொல்லி ஜெபிப்பதும் இதே வகைதான்.

அப்பா தன் முறை வரும்போது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் தூண்ட வேண்டாம். நற்செய்தி நூல்களில் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களில் நான்கு முறை கனவு காண்கிறார், ஒவ்வொரு முறையும் எழுந்து காரியத்தைச் செய்கிறார். எகிப்துக்குப் புறப்பட்டதும் இரவோடு இரவாகத்தான். அந்த மாதிரி அப்பாக்களுக்குப் பேச்சைவிட வேலை கொடுப்பது நல்லது. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பேரப்பிள்ளைக்கு வேதத்தில் பக்கம் எடுத்துக் கொடுப்பது, கழன்ற கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்வது. விருந்தாளியாக மட்டும் பத்து நாள் உட்காரவைக்கப்பட்ட அப்பா நான்காம் நாளே ஊருக்குப் போகிறேன் என்பார்.

ஆசீர்வாதம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "அப்பா, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுங்க" என்றாலே போதும். சொந்தமாகச் சொல்ல வராதவர் கையில் எண்ணாகமம் 6:24–26-ஐ எழுதிக் கொடுங்கள். ஆரோன் சொல்ல வேண்டிய ஆசீர்வாதமாகக் கொடுக்கப்பட்டது, மூன்றே வசனம். அவர் நாற்காலியிலேயே இருக்கட்டும், நீங்கள் குனியுங்கள் அல்லது தரையில் உட்காருங்கள்.

ஜெபத்துக்கு வெளியே

மறுநாள் அவரே பேச்சை எடுக்கலாம். "அதெல்லாம் கடமைதானே" என்றால் மறுத்து வாதாட வேண்டாம். கேள்வி கேளுங்கள்: "அஞ்சு மணிக்கு எழுந்துட்டு, வேலைக்கு எப்படிப்பா போனீங்க?" நன்றியைத் தள்ளிவிடுகிறவர்கூடக் கதையைத் தள்ள மாட்டார்.

அந்தக் கதைகளைப் பதிவு செய்ய விரும்பினால் முதலில் கேட்டுவிடுங்கள். மறைத்துப் பதிவு செய்யாதீர்கள். செல்போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில், மடித்த துணிமேல் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் தட்டும் சத்தமெல்லாம் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். இருபது நிமிடம், இரண்டு கேள்வி: "உங்களுக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தது யார்?", "பயந்துபோய் ஜெபித்த நாள் எது?" இரண்டாவதற்குப் பதில் வர நேரம் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். அன்றிரவே கோப்புக்குத் தேதி போட்டு இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

கூடவே, சங்கீதம் 121-ஐ அவர் குரலில் வாசிக்கச் சொல்லித் தனிக் கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். எட்டே வசனம்.

அம்மா இல்லாத முதல் வருஷம்

அம்மா இறந்தபின் வரும் முதல் கிறிஸ்மஸில் எல்லோரும் அவர் பெயரைத் தவிர்ப்பார்கள். அப்பாவுக்காகத்தான் தவிர்க்கிறோம் என்று நினைப்பார்கள். அப்பாவோ எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் ஜெபத்திலேயே பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். அவர் அழுதால் பாட்டைத் தொடங்கி மூடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அப்பாவோடு கசப்பு இருந்தால்

குடித்து அடித்த அப்பாவும் வருகிறார். ஐந்தாம் கட்டளை என்று சிலர் எண்ணும், நான்காம் கட்டளை என்று கத்தோலிக்கர் எண்ணும் 'தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு' என்ற கட்டளை, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லச் சொல்லவில்லை. எபேசியர் 6-ஆம் அதிகாரம் பிள்ளைகளிடம் பேசிய கையோடு, நான்காம் வசனத்தில் தகப்பன்மாரையும் பார்த்து, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்கிறது. உண்மையான ஒரே ஒரு வரி கிடைத்தால் அதற்கு மட்டும் நன்றி சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சொல்லாதீர்கள், 'எதுவரைக்கும்' என்று கடவுளிடம் முறையிடும் சங்கீதம் 13-ஐத் தனியாக வாசியுங்கள். தங்கும் நாட்களைக் குறைப்பது, வேறு இடத்தில் அறை எடுப்பது, குழந்தைகளை அவரோடு தனியே விடாமல் இருப்பது எதுவும் மன்னிப்புக்கு எதிரானதில்லை.

நம்பிக்கையே இல்லாத அப்பா என்றால் ஜெப நேரத்தைச் சொல்லி, வருவதை அவரிடமே விட்டுவிடுங்கள். அடுத்த அறையில் செய்தித்தாள் வாசித்தாலும் காதில் விழும்.

புறப்படும்போது

வழியனுப்பும் ஜெபத்தைக் கிளம்பும் நேரத்தில் வைக்காதீர்கள். வண்டி வாசலில் நிற்கும், ஒருவர் கண்ணாடியைத் தேடுவார், எல்லோரும் ஓட்டமாக ஆமென் சொல்வார்கள். முந்தின இரவே வைத்துவிடுங்கள். சங்கீதம் 121-இன் கடைசி வசனம் போக்கையும் வரத்தையும் காப்பதைப் பற்றியது. மூன்றாவது அடிக்கோட்டு வரிக்கு அதுதான் நேரம். மருந்துப்பை, கண்ணாடி, காதுக்கருவியின் மின்கலம், சார்ஜர் எல்லாவற்றையும் அன்றிரவே எடுத்து வையுங்கள்.

அட்டையில் மிஞ்சிய ஏழு வரிகளை அவர் போய்ச் சேர்ந்த மூன்று நாளைக்குள் கடிதமாக எழுதிப் போடுங்கள். கையெழுத்தில், கறுப்பு மையில், பெரிய எழுத்தில். செல்போன் செய்தியை ஒருமுறை பார்ப்பார், கடிதத்தை வேதத்துக்குள் வைத்துக்கொள்வார்.

அவர் இல்லாத முதல் இரவு ஜெபத்தில் யார் வாசிப்பது என்று குழந்தைகள் கேட்பார்கள். பதிந்த சங்கீதத்தை ஓடவிடுங்கள். இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டு எடுக்க வேண்டாம், மூன்றாம் வசனத்தில் அவர் இருமியிருந்தால் அந்த இருமலும் இருக்கட்டும்.